ஏழாவது ஷரத்தும் தையல்நாயகி அத்தையும்

சொத்து எழுதி வைக்கிறவர்களை உலகம் கையெடுத்துக் கும்பிடுகிறது. எழுதி வாங்கிக்கொள்கிறவன் படுகிற பாட்டை யாராவது கேட்டதுண்டா? நான் பட்டிருக்கிறேன். நாற்பது வருஷம் ஆகியும் எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. இதைப் படித்து முடித்தால் என்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று நீங்களே ஒப்புக்கொள்வீர்கள் (என் வீட்டில் இன்னும் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை).

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. சென்னையில் பி.எல். முடித்துவிட்டு அரியலூரில் ஒரு பெரிய வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்திருந்தேன். கறுப்புக் கோட்டு இருந்தது. உட்கார நாற்காலி இல்லை. கட்சிக்காரர்கள் உட்கார்ந்தது போக பெஞ்சில் இடம் மிச்சம் இருந்தால் நானும் உட்காருவேன். கல்யாணமும் ஆகவில்லை. மூன்று இடத்துச் சம்பந்தம் வந்து மூன்றும் கலைந்திருந்தது. முதல் இடத்தில் பெண்ணின் தகப்பனாருடைய நிலப் பத்திரத்தில் எல்லை தவறாக எழுதியிருப்பதைச் சுட்டிக் காட்டினேன். இரண்டாவது இடத்தில், ஜாதகம் எழுதிய ஜோசியரைக் குறுக்கு விசாரணை செய்தேன். மூன்றாவது இடத்தில் பட்ட அனுபவத்தால் வாயே திறக்கவில்லை. பையனுக்குத் திமிர் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இதில் எது என் தப்பு?

எனக்கு அப்பா அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். வளர்த்துப் படிக்க வைத்தது அப்பாவின் அக்கா தையல்நாயகி அத்தை. திருமானூரில் கொள்ளிடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. புருஷன் காலமாகி வெகுநாள் ஆகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. ஆனால் கல்யாணத்தில் பிறந்த வீட்டார் மஞ்சக்காணியாக எழுதிக் கொடுத்த நல்ல நஞ்சை இருந்தது. (மஞ்சள் செலவுக்கு என்று பெண்ணுக்குக் கொடுக்கிற நிலம். புருஷன் வீட்டார் அதில் ஒரு வரப்பைக்கூட வெட்ட முடியாது.) நிலமும் அத்தை இஷ்டம், அதை யாருக்கு எழுதுவது என்பதும் அத்தை இஷ்டம்.

இந்த இடத்தில்தான் என் படிப்பு வேலை செய்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு இரண்டே வழிதான் தெரியும். ஒன்று, உயில். ஆள் போன பிறகுதான் அதற்கு உயிர் வரும். வந்ததும் பங்காளிகள் கோர்ட்டில் வைத்துக் கழுத்தை நெரிப்பார்கள். மற்றொன்று, செட்டில்மெண்ட். எழுதிக் கொடுத்த கையோடு நிலம் போய்விடும். எழுதி வாங்கினவன் மறு மாசமே பெரியவரை மாட்டுக் கொட்டகைக்கு அனுப்புவான். நான் கண்ட மூன்றாவது வழி, ரத்து செய்யக்கூடிய டிரஸ்ட். உயிரோடு இருக்கும்வரை அத்தையே நிர்வாகி, விளைச்சலும் அத்தைக்கே. மனசு மாறினால் எந்த நிமிஷமும் ரத்து செய்யலாம், மாற்றி எழுதலாம். அத்தைக்குப் பிறகு யாரும் கோர்ட்டுக்கு நடக்காமல் நிர்வாகம் நேராக அடுத்தவன் கைக்கு வரும். அடுத்தவன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அத்தை கூடத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள்.

"குடுக்கறது யாரு?"

"நீங்க."

"வாங்கி வச்சுக்கறது?"

"நிர்வாகிங்கற முறையில நீங்கதான்."

"வெளஞ்சதைத் திங்கறது?"

"அதுவும் நீங்கதான் அத்தை."

"மூணு வேஷமும் நானே கட்டிட்டா நீ எதுக்குடா?"

"நான் உங்களுக்கு அப்புறம்."

"அது வரைக்கும்?"

"சும்மா இருக்கணும்."

"அது ஒண்ணுதானே உனக்கு வராது" என்றாள் அத்தை. அவமானத்தைப் பொறுத்துக்கொண்டு பத்திரம் எழுதினேன். மூன்றாவது ஷரத்து, அத்தைக்கு ரத்து அதிகாரம். ஏழாவது ஷரத்து, அத்தைக்கு நினைவு தடுமாறிச் செயலிழந்தால், ஒரு டாக்டரின் எழுத்தைக் கொண்டு நிர்வாகத்தை நான் உடனே ஏற்றுக்கொள்ளலாம். ரிஜிஸ்டர் ஆபீஸில் கைநாட்டு வைத்துவிட்டு அத்தை விரலைச் சுவரில் துடைத்தாள். இந்தத் தாலுகாவிலேயே இப்படி ஒரு பத்திரம் இதற்கு முன் யாரும் எழுதியதில்லை என்று எங்கள் பெரிய வக்கீலே சொன்னார் (அவர் சொன்ன விதம் பாராட்டு மாதிரி இல்லை என்பது வேறு விஷயம்).

கார்த்திகையில் நான்காவது சம்பந்தம் வந்தது. கங்கைகொண்ட சோழபுரத்தில் முந்திரித் தோப்பும் வயலும் உள்ள குடும்பம். பெண் பெயர் பார்வதி. தூரத்திலிருந்து பார்த்தேன், எனக்குப் பிடித்துப்போயிற்று. பெண்ணின் தகப்பனார் என் பத்திரத்தை வாங்கி ஆளோடித் தாழ்வாரத்து வெளிச்சத்தில் நிதானமாகப் படித்தார்.

"மூணாவதுல ரத்துன்னு என்னமோ போட்டிருக்கே, தம்பி?"

"அது ஒரு சம்பிரதாயத்துக்குங்க."

"சம்பிரதாயத்துக்கு மாவிலை கட்டுவாங்க. ரத்தா எழுதுவாங்க? தை பொறக்கட்டும், பாக்கலாம்."

இதற்கு என்ன அர்த்தம் என்று மூன்று முறை அடிபட்டவனுக்குத் தெரியாதா? நேரே திருமானூருக்குப் போய் அத்தையிடம் கொட்டித் தீர்த்தேன். "உங்க மூணாவது ஷரத்தாலதான் இதுவும் தொங்குது. அதை எடுத்துடலாம் அத்தை" என்றேன்.

"எடுக்க மாட்டேன்."

"அப்ப எனக்குக் கல்யாணமே ஆக வேண்டாமா?"

"ஆவும். அதுக்கு வேற வழி இருக்கு, அதை நான் பாத்துக்கறேன். நீ போயிட்டு வா."

என்ன வழி என்று சொன்னாளா? சொல்லவில்லை. இந்தக் கதையில் சட்டப்படி முதல் குற்றம் அதுதான். நானும் கோபத்தில் மார்கழி முழுவதும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அறுப்பு நெருங்கியதும் போகாமல் இருக்க முடியவில்லை. பெட்ரோல் கிடைக்காத காலம். பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடிய பஸ் ஒவ்வொரு மேட்டிலும் நின்று மூச்சு வாங்கியது. ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினோம். கறுப்புக் கோட்டும் நானும் ஒரே நிறமாகத் திருமானூரில் போய் இறங்கினேன்.

"அத்தை, வந்துட்டேன்" என்றேன். அத்தை என்னைப் பார்த்தாள். பதில் இல்லை. சாப்பிட்டீங்களா என்றேன், பதில் இல்லை. உடம்புக்கு என்ன என்று கேட்டதற்கு நெற்றியில் அடித்துக்கொண்டாள். கட்டில் இருக்க வெறுந்தரையில் படுத்தாள். பகலில் ஒரே வேளை, அதுவும் உப்பில்லாத சோறு. மணிக்கட்டில் ஒரு மஞ்சள் கயிறு. நான் இரண்டு நாள் கவனித்துப் பார்த்தேன். ஒரு வார்த்தைகூட அவள் வாயிலிருந்து வரவில்லை.

வீட்டு வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த அஞ்சலையைக் கூப்பிட்டேன். "எத்தனை நாளா இப்படி?" என்றேன்.

"கார்த்தியிலேருந்துங்க. இப்ப அவங்களால ஒண்ணும் பேச முடியாதுங்க."

"ஊர்ல எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியாம என்னங்க? அதான் நீங்க வந்ததே நல்லதாப் போச்சு. களத்து வேலையெல்லாம் யாரு பாக்கறதுன்னு கவலையா இருந்துச்சு."

இதைவிடத் தெளிவான சாட்சியம் எந்தக் கோர்ட்டில் கிடைக்கும்? அஞ்சலை 'விரதம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையில் காப்புக் கட்டியிருப்பது கண்ணுள்ளவனுக்குத் தெரியும் என்று அவள் பாட்டுக்கு நினைத்துக்கொண்டாள். அது தெரியாத ஒருவன் பி.எல். படித்திருப்பான் என்று அவளுக்குத் தோன்றவில்லை. வேண்டிக்கொண்ட காரணத்தை வெளியே சொன்னால் பலிக்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் அத்தை எதற்காக வாயைக் கட்டினாள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. வாயைக் கட்டியிருக்கிறாள் என்பது மட்டும் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

ஏழாவது ஷரத்து வந்துவிட்டது என்று நான் முடிவு செய்தேன். அரியலூரிலிருந்து ஒரு டாக்டரை மாட்டு வண்டியில் கூட்டிவந்தேன்.

"உங்க பேரு என்னம்மா?" என்றார் டாக்டர். அத்தை பேசவில்லை.

"இன்னிக்கு என்ன கிழமை?" பேசவில்லை.

"கொள்ளிடம் எந்தப் பக்கம் இருக்கு?"

அத்தை எழுந்து நின்று, கையை நீட்டி வாசல் கதவைக் காட்டினாள். டாக்டர் குழம்பிவிட்டார். "கதவு தெற்குப் பார்த்துதானே இருக்கு? கொள்ளிடமும் தெற்குதானே?" என்று என்னைக் கேட்டார்.

"வெளியே போகச் சொல்றாங்க சார்."

"கையில கயிறு கட்டியிருக்காங்களே?"

"அது சுளுக்குக்கு மந்திரிச்சது சார்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை, அவ்வளவு உறுதியாகச் சொன்னேன். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, கேட்ட கேள்விகளுக்குப் பதில் இல்லை, ஓய்வு தேவை என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். எனக்கு இரண்டு வரி போதும்.

அத்தை முன்னால் நின்று ஏழாவது ஷரத்தைச் சத்தமாகப் படித்தேன். சாவியைக் கொடுங்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டேன். அவள் முகம் சிவந்தது. இடுப்பில் சொருகியிருந்த சாவிக்கொத்தை உருவி என் மேல் எறிந்தாள். இடது புருவத்தில் பட்டது. இன்றும் அங்கே முடி முளைப்பதில்லை. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, சொத்தின் சுவாதீனம் மனப்பூர்வமாக ஒப்படைக்கப்பட்டது என்று குறிப்பு எழுதிக்கொண்டேன்.

பிறகு நிர்வாகம் செய்தேன். எப்படிச் செய்தேன் என்கிறீர்கள். அத்தைக்கு ஓய்வு வேண்டும் என்று அவள் பாயைப் பின்கட்டுக்கு மாற்றினேன். கூடத்தில் மேஜை போட்டேன். களத்தில் தூற்றிக் குவித்த பொலியை அளந்து முடிந்ததும் அடியில் தங்கும் நெல்லை அறுத்தவர்களுக்கு விட்டுவிடுவது அத்தையின் வழக்கம். டிரஸ்ட் சொத்தைத் தானம் செய்ய நிர்வாகிக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லி அதைக் கூட்டி அள்ளச் சொன்னேன். அறுத்த பெண்கள் முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அத்தை வரப்பில் நின்று அதைப் பார்த்தாள். முந்தானையை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். புத்தி பேதலித்தவர்கள் துணியைக் கடிப்பார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். அதையும் குறித்துக்கொண்டேன்.

அஞ்சலை என்னிடம் வந்து, "அம்மா வாயைத் தொறக்கற அன்னிக்கு நீங்க ஊர்ல இருக்காதீங்க தம்பி" என்றாள். பாவம், இன்னும் நம்பிக்கை வைத்திருக்கிறாளே என்று எனக்கு அவள்மேல் இரக்கமாக இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து, பெண்ணின் தகப்பனார் எங்கள் குடும்பத்தை நேரில் அறிந்துகொள்ள வந்து சேர்ந்தார். களத்தின் நடுவே நான் இடுப்பில் சாவிக்கொத்தோடும் புருவத்தில் பஞ்சோடும் ஆட்களை ஏவிக்கொண்டிருந்தேன். எட்டி நின்ற அத்தையையும் அவள் கைக் காப்பையும் பார்த்துக் கும்பிட்டார். பிறகு என்னிடம் தணிந்த குரலில், "நிர்வாகத்தை இப்பவே தம்பி கையில குடுத்துட்டாங்களா?" என்றார்.

"முழு சுவாதீனம்" என்றேன்.

"அப்ப அந்த மூணாவது ஷரத்துக்கு அர்த்தம் இல்ல. வர்ற வெள்ளிக்கிழமை தாம்பூலம் மாத்திக்கலாம்" என்றார் அவர். இதை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள். என் கல்யாணத்தை முடித்தது என்னுடைய நிர்வாகம். இதை நான் கோயிலில் நின்றும் சொல்வேன்.

அத்தையைச் சோழபுரத்துக்குக் கூட்டிப் போவதாக நான் இல்லை. நாங்கள் கிளம்பும்போது அவள் முதல் ஆளாக வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். இறங்கச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை (இன்னொரு புருவம் மிச்சம் இருந்தது).

பெண் வீட்டுக் கூடத்தில் நல்ல கூட்டம். இரு பக்கத்துத் தட்டுகளும் கை மாறின. சந்தனம் கொடுத்தார்கள். உள்ளே நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். குலவை ஓய்ந்ததும் அத்தை எழுந்தாள். மணிக்கட்டுக் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்துத் தாம்பூலத் தட்டில் வைத்தாள். விரதம் முடித்த பெரிய மனுஷி முதல் வார்த்தையாக ஆசீர்வாதம் சொல்லப் போகிறாள் என்று எல்லாரும் கைகூப்பிக் காத்திருந்தார்கள்.

"சாவியைக் குடுடா" என்றாள் அத்தை.

எனக்கு இன்னும் விளங்கவில்லை. நோய் திடீரென்று தெளிந்துவிட்டது போலும் என்று நினைத்தேன். சாவியைக் கொடுத்தேன். அவள் அதை இடுப்பில் சொருகிக்கொண்டு பெண்ணின் தகப்பனார் பக்கம் திரும்பினாள்.

"சம்பந்தி, ஒரு விஷயம். இவன் கல்யாணம் நிச்சயமாகித் தாம்பூலம் மாத்தற வரைக்கும் பேசறதில்லன்னு அம்மனுக்கு வேண்டியிருந்தேன். மாத்தியாச்சு. இனி நான் பேசலாம். அந்தப் பத்திரத்தை நான் ரத்து பண்றேன்."

சம்பந்தி தட்டையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். "தட்டு மாத்தறதுக்கு முன்னாடி இதைச் சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

"எப்புடிச் சொல்றது? வாயைத் தொறந்தா வெரதம் முறிஞ்சிடும்ல?"

இதற்குப் பதில் என்னிடம் இருந்தது. நான் எழுந்து, நினைவு தடுமாறியவர் செய்கிற ரத்து செல்லாது என்றும், அதற்கு டாக்டரின் எழுத்து என் சட்டைப்பையில் இருக்கிறது என்றும், ஏழாவது ஷரத்தின்படி நிர்வாகி இப்போது நான்தான் என்றும் சொன்னேன். என் சொந்த நிச்சயதார்த்தத்தில் நின்று சொன்னேன். கையில் சந்தனம் காயவில்லை.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என் பேரு தையல்நாயகி. இன்னிக்கு வெள்ளிக்கிழமை. கொள்ளிடம் என் வூட்டுக்குத் தெற்கால இருக்கு. அந்த டாக்டரு வேற என்னடா கேட்டாரு?" என்றாள். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "களத்துல அந்தப் பொண்ணுங்க மொறத்தோட நின்னுச்சுங்க. ஒரு வார்த்தை சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆயிருக்கும்? சொல்லியிருந்தா உனக்கு இந்தத் தட்டு மாறியிருக்காது. முந்தானையைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்."

டாக்டரின் எழுத்தை எடுக்கச் சட்டைப்பைக்குப் போன கையை வெறுமனே வெளியே எடுத்தேன்.

அப்போது பார்வதி உள்ளேயிருந்து ஒரு செம்புத் தண்ணீரோடு வந்தாள். பெண் இப்படி நடுக்கூடத்துக்கு வருவது வழக்கமில்லை. "கார்த்தியிலேருந்து ஒரு வேளைதான் சாப்புட்டீங்களா? மொதல்ல இதைக் குடிங்க அத்தை" என்றாள். நிலம் யார் பேரில் என்று அவள் கேட்கவில்லை. அத்தை தண்ணீரைக் குடித்து முடித்து, செம்பைக் கொடுக்கும்போது அவள் முகத்தைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் என் எதிர்காலம் ரிஜிஸ்டர் ஆகிவிட்டது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

ரத்துப் பத்திரத்தை நானேதான் எழுத வேண்டியிருந்தது. போட்டவனே அவிழ்க்கட்டும் என்று பெரிய வக்கீல் சொல்லிவிட்டார். அதே கையோடு புது டிரஸ்ட். அத்தைக்கு அடுத்த நிர்வாகி பார்வதி. மூன்றாவது ஷரத்து அப்படியே இருந்தது. களத்தடி நெல் அறுத்தவர்களுக்கே என்று புதிதாக ஒன்று சேர்ந்தது. ஏழாவது ஷரத்தில் டாக்டரை அடித்துவிட்டு, அத்தைக்கு நினைவு தப்பிவிட்டது என்று அஞ்சலை சொன்னால் ஒழிய நிர்வாகம் கை மாறாது என்று எழுதச் சொன்னாள். "இப்படியெல்லாம் சட்டத்துல எழுத மாட்டாங்க அத்தை" என்றேன். "என் நெலம், என் பத்திரம். எழுதுடா" என்றாள். ரிஜிஸ்திரார் அதை இரண்டு முறை படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். சட்டம் படித்த ஒருவனுக்கு இதைவிட அவமானம் உண்டா?

பதினைந்து வருஷம் கழித்து அத்தை நிஜமாகவே பேச்சற்றுப் படுத்தாள். இப்போது ஏழாவது ஷரத்து அமலுக்கு வந்துவிட்டது, அறுப்பு நேரம், நிர்வாகத்தை ஏற்றுக்கொள் என்று பார்வதிக்கு முறைப்படி எடுத்துச் சொன்னேன். அவள் அஞ்சலையைப் பார்த்தாள். "அம்மா பேசுவாங்க, பொறுத்துப் பாருங்க" என்றாள் அஞ்சலை. இரண்டு பேரும் மாறி மாறி அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சாவிக்கொத்தை ஒருவரும் தொடவில்லை. அத்தை அதை இடுப்பில் வைத்துக்கொண்டேதான் போனாள். அந்த நிமிஷத்திலிருந்து அந்தப் பத்திரத்தை யாராலும் ரத்து செய்ய முடியாது. ரத்து அதிகாரம் அவளோடு போய்விட்டது. சட்டப்படி அந்தக் கடைசி நாட்களின் நிர்வாகம் முழுக்கத் தவறு. அதைச் சொல்ல நான் அன்று வாயைத் திறந்தேன், முடியவில்லை, அழுதுவிட்டேன்.

ஆனால் என் வழக்கு இன்னும் தீரவில்லை. கல்யாணம் கூடியது அத்தையின் விரதத்தாலா, என் நிர்வாகத்தாலா? வீட்டில் எல்லாரும் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. அதைக்கூட நிம்மதியாக வாதாட விடுவதில்லை. மற்ற வீடுகளில் ஆண்பிள்ளைக்குக் கோபம் வந்தால் இரண்டு நாள் பேசாமல் இருந்து காட்டுவான், பெண்டாட்டி இறங்கி வருவாள். எனக்கு அந்த உரிமை கிடையாது. நான் கோபித்துக்கொண்டு அரை மணி நேரம் வாயை மூடினால் போதும், என் மகள் மூக்குக்கண்ணாடியையும் பீரோ சாவியையும் என் பக்கத்திலிருந்து எடுத்து அவள் அம்மாவிடம் கொடுக்கிறாள். பேரன் பாயைத் தூக்கிப் பின்கட்டில் விரிக்கிறான். பார்வதி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, ஏதாவது பேசுங்க, பசங்க நிர்வாகத்தை எடுத்துக்கறாங்க" என்கிறாள். பேசித் தொலைக்கிறேன்.